ஐந்தாவது பாடவேளைக்கு வரவில்லை

அந்தப் பாடத்தை நான் கேட்டு வாங்கவில்லை. எங்கள் துறையில் வேறு யாரும் எடுத்துக்கொள்ளாததால் என் தலையில் வந்து விழுந்தது. பதினாறு வருடமாக சி, ஜாவா, டேட்டாபேஸ் என்று நடத்திக்கொண்டிருந்தவள் நான். புதிய பாடத்திட்டத்தில் ‘தரவு அறமும் சமூகமும்’ என்று ஒரு தாளைச் சேர்த்திருந்தார்கள். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, “கணக்கு இல்ல, புரோகிராம் இல்ல. கதை மாதிரி சொல்லிட்டுப் போயிரலாம் மேடம். ஒங்களுக்குத்தேன் நல்லாப் பேச வரும்” என்றார். சரி என்று வாங்கிக்கொண்டேன்.

தேனியிலிருந்து கம்பம் போகிற சாலையில், தென்னந்தோப்புகளுக்கும் வாழைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் பொறியியல் கல்லூரி. பெரியகுளத்திலிருந்தும் ஆண்டிபட்டியிலிருந்தும் போடியிலிருந்தும் கல்லூரிப் பேருந்துகளில் பிள்ளைகள் வருகிறார்கள். பாடப்புத்தகமோ வெளிநாட்டு நீதிமன்றங்களையும் வெளிநாட்டு வங்கிகளையும் பற்றியே பேசியது. முதல் நாள் ‘அந்தரங்கம்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதியதும் பின்பெஞ்சில் சிரிப்புக் கிளம்பியது. அவர்களுக்கு அது வேறு மாதிரியான சொல். அழித்துவிட்டேன்.

“ஒங்க வீட்டுக்குத் தெரியாத ஒரு விசயம் ஒங்ககிட்ட இருக்கும்ல? அத என்கிட்டச் சொல்ல வேணாம். மனசுல நெனச்சுக்கங்க, போதும்” என்றேன்.

சிரிப்பு நின்றது. வகுப்பு முழுக்கத் தலை குனிந்தது. அவ்வளவு அமைதியை அந்த வகுப்பில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. “இதுதான் இந்தப் பாடம்” என்று சொல்லிவிட்டு மேலே நடத்தினேன். நன்றாகத் தொடங்கிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை.

அன்றைக்குத் தலை குனிந்தவர்களில் ஒரு பெண்ணின் விஷயம் மட்டும் எனக்குத் தெரியும்.

நான்கு வருடப் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. அந்த வகுப்புக்கு முதலாம் ஆண்டு முதலே நான்தான் பொறுப்பாசிரியை. ஜெயமங்கலம் வழியாக வருகிற பேருந்தில் வருவாள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்வாள். அவள் பத்தாவது படிக்கும்போது அவளுடைய அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டார். யாரோடும் போகவில்லை. போடியில் இருக்கிற தன் அக்கா வீட்டுக்கு, தனியாக, இரண்டு சேலையோடு போனார். எதற்காகப் போனார் என்பதை அந்தப் பெண் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மாவைப் பார்க்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அம்மா போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில், காயைத் தரம் பிரிக்கிற வேலை பார்த்தார். புதன்கிழமை மதியத்துக்கு மேல் அவருக்கு வேலை இல்லை. அன்றைக்குப் பேருந்து ஏறி வீரபாண்டிக்கு வருவார். அங்கே ஆற்றங்கரை அம்மன் கோயிலில் செவ்வாய், வெள்ளிதான் கூட்டம். புதன்கிழமை ஆற்றுப் படியில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கல்லூரியிலிருந்து வீரபாண்டி பக்கம்தான்.

புதன்கிழமை மதியம் எங்களுக்கு ஆய்வுக்கூடம். உணவு இடைவேளை முடிந்ததும் வருகிற ஐந்தாவது, ஆறாவது பாடவேளைகள். முதல் வருடத்திலேயே அவள் என்னிடம் வந்து, சாப்பாட்டு நேரத்தில் எல்லாப் பயிற்சியையும் முடித்துக் காட்டிவிட்டு, அவுட்பாஸ் கேட்டாள். வெளியே போக வேண்டுமானால் வாயிற்காவலரிடம் கொடுக்க வேண்டிய சீட்டு அது. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

“எங்கம்மாவப் பாக்கப் போறேன் மேம். அத மட்டும் எழுதிறாதீக.”

காரணத்தை எழுதாமலே கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரமும் போட்டேன். பிறகு மாதத் தொடக்கத்தில் நான்கு சீட்டுகளை மொத்தமாகவே கையெழுத்திட்டுக் கொடுக்கத் தொடங்கினேன். அடுத்தடுத்த பருவங்களிலும் அந்த மதிய ஆய்வுக்கூடம் எனக்கே வரும்படி கால அட்டவணையில் கேட்டு வாங்கிக்கொண்டேன். வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ‘வந்தாள்’ என்றே போட்டேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். அறத்தைப் பாடமாக நடத்திய பருவத்திலும் வாராவாரம் அந்தப் பொய்யை என் கையால் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம்தான் இறுதியாண்டு மாணவர்கள் மூன்று பேர் ஒரு புராஜெக்ட் செய்தார்கள். நான்தான் வழிகாட்டி. ஆசிரியர் தன் போனில் வருகையைக் குறித்ததும், வராத பிள்ளையின் பெற்றோருக்குத் தமிழிலேயே ஒரு செய்தி போகும். இங்கிலீஷ் தெரியாத பெற்றோரை நினைத்து அதைத் தமிழில் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முதலில் அவர்கள் செய்து காட்டியபோது, சாயங்காலம் கல்லூரி விட்ட பிறகு ‘இன்று வரவில்லை’ என்று ஒரே ஒரு செய்தி போகும்படி இருந்தது. நான்தான் இடைமறித்தேன்.

“எந்த நேரத்துக்கு வரலைன்னு தெரியாட்டி அவுகளுக்கு என்ன பிரயோசனம்? டேட்டான்னா துல்லியமா இருக்கணும்ல?”

அவர்களில் முன்னால் நின்றவன் உற்சாகமாகத் தலையாட்டினான். ஒரே வாரத்தில் மாற்றிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு பாடவேளைக்கும் தனித்தனிச் செய்தி, குறித்த ஐந்து நிமிடத்துக்குள். முதல்வர் பார்த்துவிட்டுக் கல்லூரி முழுக்க நடைமுறைப்படுத்தச் சொன்னார். திட்ட அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

அதற்குப் பிறகும் புதன்கிழமைகளில் நான் அவள் பெயருக்கு நேரே ‘வந்தாள்’ என்றே தட்டினேன். பேனாவுக்குப் பதில் விரல். வேறு ஒன்றும் மாறவில்லை என்றுதான் நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மறுநாள் திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் செய்முறைத் தேர்வுக்கு நான் தேர்வாளராகப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. என் வகுப்புகளை யார் யார் பார்ப்பது என்று எழுதிக் கொடுத்தேன். மதிய ஆய்வுக்கூடத்தைப் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் ஆசிரியையிடம் ஒப்படைத்தேன். விடைத்தாள் கட்டை அலமாரியில் பூட்டினேனா என்று இரண்டு தரம் பார்த்தேன். அந்தப் பெண்ணின் நினைப்பு மட்டும் எனக்கு வரவில்லை. அவளிடம் ஏற்கெனவே கையெழுத்திட்ட சீட்டு இருந்தது. போய்விட்டாள்.

புதிய ஆசிரியை கண்ணால் கண்டதைக் குறித்தார். அதில் அவர் மேல் எந்தப் பிழையும் இல்லை.

அவளுடைய அப்பா அந்த நேரத்தில் தேனியில் உரக்கடையில் இருந்தாராம். போன் ஒலித்தது. ‘பெற்றோர் கவனத்திற்கு: தங்கள் மகள் இன்று ஐந்தாவது பாடவேளைக்கு வரவில்லை.’ உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோய் அவளை அழைத்திருக்கிறார்.

“எங்கத்தா இருக்க?”

“லேப்லதேன்ப்பா இருக்கேன்.”

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லையாம். உரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் பேருந்திலிருந்து இறங்கி வந்தவளிடம் போனைத் திறந்து காட்டியிருக்கிறார். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

இதை எனக்குச் சொன்னவர் அப்பாதான், மறுநாள் காலை, ஆசிரியர் அறையில். துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நான் உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால், கதவை ஒட்டி, அந்தப் பெண் நின்றாள். அழுது முடித்த முகம்.

“எம் பொண்ணு மேல சந்தேகப்பட்டு வந்திருக்கேன்னு நெனச்சுராதீக மேடம். நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. அவ படிப்புக்கு எதுக்கும் நான் இல்லேன்னு சொன்னதில்ல. ஒன்னே ஒன்னுதேன் சொன்னேன். அவளப் போயிப் பாக்கக் கூடாதுன்னு. அது ஒன்னுதேன்.”

நான் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைத் தொடவில்லை.

“ரெண்டு வருசத்துக்கு மேல போறாளாம். இம்புட்டு நாளும் ஒங்க காலேஜுல இருந்து எனக்கு ஒரு தகவலும் இல்ல. இந்த மெசேஜு வரப்போயித்தேன் தெரியுது.”

“அதுல சில நேரம்...” என்று ஆரம்பித்தேன்.

“அது பொய்யா மேடம்?”

“இல்லங்க.”

“அப்ப வெளியில எப்படிப் போனா? வாட்ச்மேன் விட்டுருவாரா?”

நான் வாயைத் திறந்தேன். நான்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லத்தான் திறந்தேன். அவர் தோளுக்கு மேலே அந்தப் பெண் என்னைப் பார்த்து, மிகச் சிறிதாக, வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு அவளே சொன்னாள்.

“பின்னாடி தோப்பு வழியாப் போனேன்ப்பா. அங்கன வேலி இல்ல.”

வேலி இருக்கிறது, எனக்குத் தெரியும். அவள் சொல்லட்டும் என்று விட்டதில் அவளைக் காப்பாற்றும் எண்ணம் எதுவும் இல்லை. என் வேலை போய்விடுமே என்ற பயம்தான். இருபது வயதுப் பெண் தன் தலையில் இன்னொரு பழியை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைக் காப்பாற்றினாள். அவள் அப்பா எழுந்து கைகூப்பி, “நீங்கதேன் பாத்துக்கிறணும் மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவளிடம் வேறு நம்பரோடு ஒரு பட்டன் போன்தான் இருந்தது. சாயங்காலம் பேருந்து நிற்கிற இடத்தில் அவர் வண்டியோடு நிற்பார் என்று உடன் வரும் பிள்ளைகள் சொன்னார்கள். அவளுக்கு அவுட்பாஸ் கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தக் கடிதம் பொறுப்பாசிரியையான என்னுடைய கோப்பில்தான் வந்து சேர்ந்தது.

நான் முதல்வரிடம் போனேன். ஒவ்வொரு பாடவேளைக்கும் செய்தி போவதை நிறுத்தலாமே, பழையபடி மாதக் கடைசியில் கடிதமாக அனுப்பலாமே என்றேன்.

“ஏன் மேடம்? நீங்க வழிகாட்டுன புராஜெக்ட்தான அது? பெத்தவங்க எத்தன பேரு போன் பண்ணிப் பாராட்டுறாக தெரியுமா? எதாச்சும் தப்பான மெசேஜ் போயிருச்சா?”

“தப்பால்லாம் போகல சார்.”

“அப்புறம் என்ன?”

என்ன என்று சொல்ல வேண்டுமானால் அவளுடைய கதையைச் சொல்ல வேண்டும். அவள் அம்மாவை, ஆற்றுப் படியை, நான் போட்ட கையெழுத்துகளை எல்லாம் அந்த மேசை மேல் வைக்க வேண்டும். அது என்னுடைய கதை இல்லை. “பிள்ளைகளுக்கு மன அழுத்தமா இருக்கு சார்” என்று ஏதோ சொன்னேன். “அழுத்தம் இருந்தாத்தான் கிளாஸுக்கு வருவாக” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

பிறகு அந்த மூன்று மாணவர்களில் முன்னால் நிற்பவனைக் கூப்பிட்டேன். பெயரெல்லாம் வேண்டாம், ஒரு பெண், அந்தச் செய்தியால் வீட்டில் பிரச்சினை என்று மட்டும் சொன்னேன். அவன் முகம் வாடிப்போயிற்று. நல்ல பிள்ளை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்.

“ஆனா மேம், அவுக கிளாஸ்ல இல்லைங்கறது உண்மைதான? சிஸ்டத்துல தப்பு எங்க இருக்குன்னு எனக்குப் புரியல. தப்பு எங்கன்னு தெரிஞ்சாத் திருத்திருவேன்.”

என்னால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. முன்பு பதிவேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் இருந்தாள், இப்போது இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு ஏதோ பிடிபட்டது போல. மூன்று நாள் கழித்து ஒரு மாற்றம் செய்துகொண்டு வந்தான். ஆசிரியர் பார்த்து ‘சரி’ என்று அழுத்தினால்தான் செய்தி போகும். இருவருமாகப் போய் நிர்வாகத்திடம் காட்டினோம். “டீச்சருக மறந்துருவாக, அப்புறம் ஒன்னுமே போகாது, வேணாம்” என்று சொல்லிவிட்டார்கள். அவன் மடிக்கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, “ஸாரி மேம்” என்றான். எதற்கு அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

வகுப்பில் சம்மதம் பற்றிய பாடம் வந்தது. ஒருவரைப் பற்றிய தகவலை எடுக்க அவருடைய சம்மதம் வேண்டும், அதைத் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமை வேண்டும் என்று நடத்தினேன். ஒரு மாணவன் எழுந்து, “மேம், அட்மிஷன் பாரத்துலயே அப்பா நம்பர் குடுத்துக் கையெழுத்துப் போட்டுட்டம்ல. அப்ப அதுவே சம்மதம்தான?” என்று கேட்டான். வகுப்பே என்னைப் பார்த்தது. அந்தப் பெண் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போடாவிட்டால் அட்மிஷன் கிடைக்குமா என்று அவனைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் இருக்கும்போது அந்தப் பேச்சை நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. “நல்ல கேள்வி” என்று சொல்லி அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது புதன்கிழமை வாயிற்காவலர் போன் செய்தார். என்னைப் பார்க்க ஓர் அம்மா வந்திருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். சின்ன உருவம். சேலையில் ஏலக்காய் வாசனை. அந்தப் பெண்ணின் அதே நெற்றி. இரண்டு புதன்கிழமை ஆற்றுப் படியில் காத்திருந்துவிட்டு, போனும் கிடைக்காமல், மகள் சொல்லி அறிந்திருந்த என்னைத் தேடி வந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். வேப்பமரத்தடியில் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

“அடிச்சாகளா மேடம் அவள?”

“இல்லம்மா. அப்படி ஒன்னும் தெரியல.”

“அடிக்க மாட்டாக. பேச மாட்டாக. அதுதேன் அவுக வழக்கம்” என்றார். பிறகு, “ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிரட்டுமா? தூரத்துல இருந்துதேன்.”

அனுமதி இல்லாமல் உள்ளே விடக் கூடாது என்று காவலருக்கு உத்தரவு. மகளை வெளியே அனுப்பக் கூடாது என்று என்னிடம் கடிதம். நான் அந்த இரண்டையும் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. என் போன் நம்பரை மட்டும் கேட்டார். கொடுத்தேன்.

அதிலிருந்து புதன்கிழமைதோறும் இரண்டு மணிக்கு அவர் அழைப்பார். இரண்டு நிமிடப் பேச்சுதான்.

“சாப்புடுறாளா மேடம்?”

“சாப்புடுறாம்மா.”

“மெலிஞ்சிருக்காளா?”

“லேசா.”

நான் நன்றாகவே கவனித்துச் சொன்னேன். இருமல் இருக்கிறது. முடியைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறாள். இன்டர்னல் தேர்வில் நல்ல மார்க். தோழியோடு ஏதோ மனத்தாங்கல் போல, தனியாக உட்கார்கிறாள். செய்த பாவத்துக்கு ஏதோ ஒரு பரிகாரம் செய்வதாக எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்வதற்கு இருக்கட்டும் என்று வாரம் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

இப்படி ஐந்தாறு வாரம் போன பிறகு, ஒரு நாள் ஆய்வுக்கூடம் முடிந்து எல்லோரும் போனதும் அவளை நிறுத்தினேன். சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

“அம்மா எங்கிட்டப் பேசுறாகம்மா. வாராவாரம். ஒன்னப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

“என்னப் பத்தியா மேம்? என்ன சொன்னீக?”

இருமல், முடி, மார்க் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். தோழி விஷயத்துக்கு வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

“அப்பாவுக்கு மெசேஜ் சொல்லுது. அம்மாவுக்கு நீங்க சொல்றீக” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “எங்கிட்ட யாரும் கேக்கல மேம்.”

“தப்புத்தேன். கேட்டிருக்கணும். இப்பக் கேக்கேன். சொல்லட்டுமா?”

“வேணாம் மேம்.”

“அம்மாவுக்குக் கஷ்டமா இருக்கும்த்தா.”

“எனக்கும்தேன் மேம்.” கணினியின் விசைப்பலகையைத் தள்ளி நேராக வைத்தாள். “நான் மெலிஞ்சிருக்கேனா இல்லையான்னு அவுக வந்து பாத்துத் தெரிஞ்சுக்கிறட்டும். இல்லேன்னா நான் போயி நிக்கும்போது பாக்கட்டும். வேற ஆளு சொல்லித் தெரிய வேணாம். நீங்க நல்லதுக்குத்தேன் செஞ்சீக, எனக்குத் தெரியும். ஆனா வேணாம்.”

சம்மதம் என்றால் என்ன என்று அந்தப் பருவம் முழுக்கப் பாடம் நடத்தியிருந்தேன். அது எனக்கு எதிராக வந்து நிற்கும்போது எவ்வளவு கனமாக இருக்கும் என்று அந்தப் பாடத்தில் எங்கும் இல்லை. சரி என்றேன்.

அடுத்த புதன்கிழமை போன் வந்தது. எடுக்காமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். எடுத்தேன்.

“இருமல் நின்னுருச்சா மேடம்?”

“அம்மா, அவ விசயமா இனி நான் ஒன்னும் சொல்லக் கூடாதும்மா.”

“காலேஜுல திட்டுனாகளா?”

“இல்லம்மா. அவதேன் வேணாம்னா.”

வேலை இல்லாத நேரத்திலும் கடையில்தான் இருந்தார் போல; அந்தப் பக்கம் பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது. சல்லடை ஆடுகிற சத்தமும்.

“என் மேல கோவமா?”

“கோவம் மாதிரித் தெரியலம்மா.”

அதைச் சொன்னதே தவறு என்று உடனே தோன்றியது.

“நல்லாருக்காளான்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒன்னும் கேக்க மாட்டேன்.”

போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். அவரும் வெகுநேரம் போனை வைக்கவில்லை. கடைசியில் நான்தான் வைத்தேன். அதற்குப் பிறகு இன்னும் மூன்று புதன்கிழமைகள் அழைப்பு வந்தது. எடுத்து, “சொல்ல முடியாதும்மா” என்று மட்டும் சொன்னேன். நான்காவது வாரம் வரவில்லை.

அந்தத் தாளில் அவள் நல்ல மதிப்பெண் வாங்கினாள். இறுதியாண்டில் கல்லூரிக்கு வந்த ஒரு நிறுவனம் அவளைத் தேர்ந்தெடுத்தது. கோயம்புத்தூரில் வேலை. சேர்வதற்குப் பெற்றோர் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று கல்லூரியில் ஒரு பாரம் வைத்திருந்தார்கள். இருபத்தொரு வயது ஆனவளுக்கு எதற்கு அது என்று நான் கேட்டதற்கு, எப்போதும் வாங்குவதுதான் என்றார்கள். அவளுடைய அப்பா பாரத்தை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார். கொஞ்சம் நரைத்திருந்தார்.

“கோயம்புத்தூர்ல எங்க சொந்தக்காரங்க இருக்காக. தங்குறதுக்குப் பிரச்சின இல்ல. ஒன்னு கேக்கணும் மேடம். அங்கன கம்பெனியிலயும் இந்த மாதிரி மெசேஜ் வருமா?”

“வராதுங்க.”

“லேட்டா வந்தா? லீவு போட்டா?”

“அவளுக்குத்தேன் சொல்லுவாக. வீட்டுக்குச் சொல்ல மாட்டாக.”

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பாரத்தையே பார்த்தார். வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டிருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. மகள் விஷயத்தில் ஏற்கெனவே இவரிடம் வாயை மூடிக்கொண்டவள்தானே நான், இன்னொரு பொய்யில் என்ன வந்துவிடப் போகிறது என்றுகூட நினைத்தேன். வரவில்லை அந்தப் பொய்.

“நீங்கதேன் மேடம் உள்ளத உள்ளபடி சொல்றீக” என்றார். அதை மரியாதையாகத்தான் சொன்னார். பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “யோசிச்சுச் சொல்றேன்” என்று எழுந்தார். அவர் படியிறங்கும்வரை நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் பாரம் வந்துவிட்டது. அவள் அதை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கொடுத்தாள், என்னிடம் வரவில்லை. வீட்டில் என்ன நடந்தது, அவர் எப்படிச் சம்மதித்தார், அவள் என்ன வாக்குக் கொடுத்தாள், எதுவும் எனக்குத் தெரியாது. சேர்ந்தவர்களின் பட்டியலில் அவள் பெயரைப் பார்த்துத்தான் போய்விட்டாள் என்று தெரிந்துகொண்டேன். அதற்கு முன், பிரிவுபசார நாளில் எல்லோரோடும் வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். “நல்லாரு” என்றேன். “சரிங்க மேம்” என்றாள்.

இந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள், வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் போன் வந்தது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு அந்த நம்பர்.

“மேடம், நாந்தேன். போடி. படிப்பு முடிஞ்சிருக்கும்ல?”

“முடிஞ்சிருச்சும்மா.”

“இப்ப எங்கன இருக்கா?”

கோயம்புத்தூர் என்று ஒரு சொல். சொன்னால் பேருந்து ஏறிப் போய்விடுவார். அவள் அம்மாவோடு பேசுகிறாளா இல்லையா, பேச நினைக்கிறாளா என்பது எனக்குத் தெரியாது. பேசியிருந்தால் இவர் என்னிடம் கேட்கமாட்டார். அவளுடைய புது நம்பர் என்னிடம் இல்லை. தேடினால் கிடைக்கும், கல்லூரிக் கணினியில் இருக்கும். தேடி எடுத்து, சொல்லட்டுமா என்று அவளை அழைத்துக் கேட்கலாம். அந்த நம்பரை அவள் எனக்குத் தரவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

“என்னால சொல்ல முடியாதும்மா.”

“சரி மேடம்.” மூச்சு வாங்குகிற சத்தம். “உசுரோட இருக்கால்ல? அது மட்டும்.”

“இருக்காம்மா.”

“அது போதும்” என்றார். போன் நின்றது.

போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மழை தென்னை மட்டையில் அடித்துக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறாள் என்பதைச் சொல்வதற்கும் அவள் எனக்கு அனுமதி கொடுத்திருக்கவில்லை. வகுப்புக்குள் போய், போனில் வருகையைத் திறந்து, வராத இரண்டு பேருக்கு நேரே வரவில்லை என்று குறித்தேன்.